சவரக்கத்தியின் கூர்: கல்லும் தோலும் செய்யும் வேலை

மடக்குச் சவரக்கத்தியின் கூர் என்பது, அலகின் இரு பக்கங்களையும் கல்லில் தேய்ப்பதால் உண்டாகும் இரண்டு குறுகிய சமதளங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் கோடாகும். வடிவியல் நூல் சொல்லும் கோட்டுக்கு அகலம் இல்லை. எஃகில் அமையும் கோட்டுக்கு அகலம் உண்டு. நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியில் அந்த அகலம் அரை மைக்ரானுக்கும் குறைவாக, அதாவது ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறுக்கும் குறைவாக இருக்கும்; அது அறுக்க வேண்டிய தாடி மயிரோ ஏறத்தாழ 100 மைக்ரான் தடிப்புள்ளது. அந்த அகலம் சில மைக்ரான்களாகப் பெருகிவிட்டால் கத்தி மயிரை அறுப்பதை விட்டு இழுக்கத் தொடங்கும். இழுபட்ட இடத்தில் தோல் சிவந்து எரியும். மழுங்கிய கத்தியை மீண்டும் கூராக்குவது இந்த அகலத்தைக் குறைக்கும் வேலையே ஆகும். சில கற்களும் ஒரு தோல்வாரும் இருந்தால் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் முதல் கல்லில் நடக்க வேண்டியது முழுமையாக நடந்திருந்தால் மட்டுமே பின்வரும் கற்களால் பயன் உண்டு என்பது, இந்தக் கலையில் மிக எளிதாக மறக்கப்படும் உண்மையாகும்.

இராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ என்னும் நூலில், ஊசிமுனைக்கு அடுத்ததாக உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்த பொருள் சவரக்கத்தியின் விளிம்பே. வெறுங்கண்ணுக்கு அப்பழுக்கற்ற கோடாகத் தெரிந்த அவ்விளிம்பு, உருப்பெருக்கியில் ஒரு தடித்த கத்தியின் முதுகைப் போல அகன்றும் கரடுமுரடாகவும் தோன்றியதை அவர் பதிவு செய்தார். அதன் இரு பக்கங்களிலும் சாணைக்கல் விட்டுச் சென்ற கீறல்கள் உழுத வயலின் சால்களைப் போல ஓடியதையும் கண்டார். இன்றைய எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் காட்டும் படமும் அடிப்படையில் இதுவே. கல்லில் உள்ள ஒவ்வொரு துகளும் எஃகில் ஒரு சால் உழுகிறது. அந்தச் சால் விளிம்பைத் தொடும் இடத்தில் ஒரு சிறு பள்ளம், இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு சிறு பல். சாலின் ஆழம் குறையக் குறையப் பற்கள் சிறுத்து, விளிம்பு நேர்கோட்டை நெருங்குகிறது. முரட்டுக் கல்லிலிருந்து நயமான கல்லுக்குப் படிப்படியாக மாறுவதன் பொருள் இவ்வளவுதான்.

இனி கத்தியின் அமைப்பைப் பார்க்கலாம். மழிக்கும் விளிம்பை ‘வாய்’ என்றும், அதற்கு எதிர்ப்புறத்தில் உள்ள தடித்த ஓரத்தை ‘முதுகு’ என்றும், இரண்டுக்கும் இடையே உள்ள எஃகுத் தகட்டை ‘அலகு’ என்றும் சொல்லலாம். பழைய கத்திகளில் அலகு ஆப்பைப் போலத் திண்மையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரப் பட்டறைகள் அலகின் இரு பக்கங்களையும் சிறிய சக்கரங்களில் குழித்துச் சீவி, நகத்தின்மீது வைத்து மெல்ல அழுத்தினால் வாய்ப்பகுதி கண்ணுக்குத் தெரிய வளையும் அளவுக்கு மெலிதாக்கின. திண்மையோ மெலிவோ, எல்லாச் சவரக்கத்திகளுக்கும் பொதுவான ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. கல்லின்மீது கத்தியைப் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். ஆகவே தீட்டும் கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை, முதுகின் தடிப்பே தீர்மானிக்கிறது. முதுகு 5 மி.மீ. தடிப்பும் அலகு 17 மி.மீ. அகலமும் கொண்ட கத்தியில் இரு சரிவுகளும் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 17 டிகிரியாகும். சமையலறைக் கத்திகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் தீட்டப்படுவதோடு இதை ஒப்பிட்டால் சவரக்கத்தியின் மென்மை விளங்கும். பல ஆண்டுகள் தீட்டப்பட்டு அலகின் அகலம் குறையும்போது முதுகும் உடன் தேய்வதால், கோணம் பெரிதும் மாறாமல் நிற்கிறது. இந்தக் கோணமானியைக் கத்திக்குள்ளேயே வைத்துச் செய்த கொல்லர்களின் அறிவு வியக்கத்தக்கது. முதுகு தேயாமல் காப்பதற்காகச் சிலர் அதன்மேல் மின்கம்பி நாடாவை ஒட்டிக்கொள்வது உண்டு, 0.15 மி.மீ. தடிப்புள்ள நாடாவை இருபுறமும் படியுமாறு ஒட்டினால் மேலே சொன்ன கத்தியின் கோணம் ஒரு டிகிரி அளவு கூடும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒருமுறை நாடாவோடு தீட்டிய கத்தியை அடுத்த முறை நாடா இல்லாமல் தீட்டினால், கல் வாயைத் தொடாமல் அதன் பின்புறத்தை மட்டுமே தேய்த்துக்கொண்டிருக்கும்.

17 டிகிரிக் கோணத்தில் உடையாமலும் மடங்காமலும் நிற்பதற்குத் தனித்தன்மையுள்ள எஃகு தேவை. சவரக்கத்திக்கு உகந்த எஃகில் ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பன் இருக்கும். அதைச் செம்மஞ்சள் நிறம் பெறும்வரை காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ சட்டெனக் குளிர்விக்கும்போது, கார்பன் அணுக்கள் இரும்பின் படிக அமைப்புக்குள் சிறைப்பட்டு, மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான, ஆனால் கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடிய நிலை உருவாகிறது. பிறகு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை மீண்டும் மெல்லச் சூடாக்கினால் நொறுங்கும் தன்மை தணிந்து கடினம் பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது. இந்த இரண்டாவது சூடேற்றத்தைப் ‘பதப்படுத்தல்’ என்பர். எஃகு முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர், தம் கடிகாரச் சுருள்வில்களுக்கு நல்ல எஃகு கிடைக்காததால், 1740-களில் ஷெஃபீல்டு அருகே எஃகை மூசைகளில் முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையை வகுத்தார். ஷெஃபீல்டு சவரக்கத்திகளின் புகழுக்கு இதுவே அடித்தளமானது. மூசையில் எஃகு ஆக்கும் கலை தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது. உருக்கு, உக்கு என்னும் திராவிடச் சொற்களோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் ‘ஊட்ஸ்’ என்ற பெயரில் அந்த எஃகு ஐரோப்பா சென்றது. இலண்டனில் அறுவைக் கருவிகளும் கத்திகளும் செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1820-இல் வெளியிட்ட எஃகுக் கலவை ஆய்வுக்கு, ஊட்ஸின் இயல்பை அறியும் முயற்சியும் ஒரு தூண்டுதலாக இருந்தது.

இவ்வளவு கடினமான எஃகை அதைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான மயிர் எவ்வாறு மழுங்கச் செய்கிறது? விளிம்பு மெல்ல உருண்டு தேய்கிறது என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த விடை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜான்லூகா ரோசியோலி, ஜெம் தாசான் ஆகியோர் உள்ளிட்ட குழு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் பிளேடால் மயிரை வெட்டிப் பார்த்து, 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வேறொரு விடையையும் முன்வைத்தது. மயிர் பிளேடுக்குச் செங்குத்தாக நில்லாமல் சாய்ந்து வளையும்போது, எஃகின் நுண்ணமைப்பு சீரற்றிருக்கும் இடத்தில், தகைவு ஒரு புள்ளியில் குவிந்து விளிம்பிலிருந்து ஒரு நுண்ணிய சில்லு பெயர்கிறது என்பதே அவர்கள் கண்டது. ஆய்வு நடந்தது எறிந்துவிடும் பிளேடுகளில்தான் என்றாலும், அதன் பாடம் மடக்குக்கத்திக்கும் பொருந்தும்: முன்பே கீறலும் பல்லும் உள்ள வாயில் சில்லு எளிதில் பெயரும், வளையாமல் அறுபடும் மயிர் கத்தியைக் குறைவாகவே பாதிக்கும். மயிரை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் ஊறவிடுவது இந்த வகையில் கத்திக்கும் நல்லது; நீர், மயிரின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தி, அதை அறுக்கத் தேவையான விசையைக் குறைத்துவிடுகிறது. மழுங்குதலுக்கு மற்றொரு காரணம் துரு. குரோமியம் கலவாத கார்பன் எஃகு ஈரத்தில் மிக விரைவாகத் துருப்பிடிக்கும். அரை மைக்ரான் அகலமுள்ள விளிம்பைக் கரைக்க ஒரு நாள் ஈரமே போதுமானது.

தீட்டும் கற்களுள் இயற்கைக் கற்களின் வரலாறு தனிச்சுவை உடையது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றி, வெளிர்மஞ்சள் நிறத்தில் ‘கொட்டிகுல்’ என்னும் கல் கிடைக்கிறது. ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த, மாங்கனீசு மிகுந்த களிமண், மலை உருவாக்கத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியதால் இக்கல் பிறந்தது; மென்மையான மைக்காப் படுகைக்குள் சில மைக்ரான் முதல் பத்துப் பதினைந்து மைக்ரான் வரை விட்டமுள்ள கார்னெட் படிகங்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடற்கரை மணலால் தமிழர்களுக்குப் பழக்கமான அதே கார்னெட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இது. அங்கே இரும்பு மிகுந்த வகை, இங்கே மாங்கனீசு மிகுந்த வகை. படிகங்கள் உருண்டைக்கு நெருங்கிய பன்முக வடிவம் கொண்டவையாதலால், அவற்றின் விரிந்த மூலைகள் எஃகை ஆழமாகக் கீறாமல் மேலோட்டமாகச் சீவுகின்றன. தம் அளவைக் கொண்டு எதிர்பார்ப்பதைவிட மிக நயமான கூரை இவை தருவதன் காரணம் இதுவே. கல்லின்மேல் சிறு துண்டுக் கல்லைத் தேய்த்து, பால் போன்ற குழம்பு எழுப்பித் தீட்டினால் கொட்டிகுல் வேகமாக எஃகை உண்ணும். வெறும் நீரில் தீட்டினால் மிக மெதுவாக மெருகேற்றும். ஒரே கல்லால் தொடக்க வேலையையும் இறுதி வேலையையும் செய்யும் இந்த இயல்பை மற்றக் கற்களில் காண்பது அரிது. ஜெர்மனியின் தூரிங்கியக் கற்களும் ஜப்பானில் கியோத்தோவை அடுத்த மலைகளில் வெட்டப்பட்ட கற்களும் இதே அளவுக்குப் புகழ் பெற்றவை.

ஆயினும் புதிதாகக் கற்பவருக்குச் செயற்கைக் கற்களே உகந்தவை. இயற்கைக் கல் துண்டுக்குத் துண்டு வேறுபடும், செயற்கைக் கல் வேறுபடாது. செயற்கைக் கற்களில் அச்சிடப்பட்டிருக்கும் எண், துகளின் நயத்தைக் குறிக்கிறது. 1000 எண்ணுள்ள கல்லில் துகள் ஏறத்தாழ 15 மைக்ரான். 4000-இல் ஏறத்தாழ 5 மைக்ரான். 8000-இல் 2 முதல் 3 மைக்ரான். 12000-இல் அதனினும் குறைவு. நிறுவனத்துக்கு நிறுவனம் இவ்வெண்கள் சற்று மாறுபடுவதால், மைக்ரான் அளவு கொடுக்கப்பட்டிருந்தால் அதைப் பார்த்து வாங்குவதே சரி. எந்தக் கல்லானாலும் அதன் முகம் சமதளமாக இருக்க வேண்டும். கல்லின்மேல் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கண்ணாடிப் பலகையில் ஒட்டிய ஈரம் தாங்கும் உப்புத்தாளின்மீது நீர் விட்டுத் தேய்த்து, எல்லாக் கோடுகளும் ஒன்றுபோல மறைந்தால் கல் சமமாகிவிட்டது என்று கொள்ளலாம். குழிந்த கல்லில் நேரான வாய் பிறக்காது.

முதல் கல்லான 1000-இல் நடக்கும் வேலையைச் ‘சரிவு அமைத்தல்’ எனலாம். கல்லை நீரில் நனைத்து, அசையாத இடத்தில் வைத்து, கத்தியின் காம்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து, முதுகும் வாயும் கல்லில் படியுமாறு கிடத்தி, வாய் முன்னே செல்லுமாறு, கல்லிலிருந்து மெல்லிய தோலொன்றைச் சீவி எடுப்பது போலத் தள்ள வேண்டும். கல்லின் எல்லை வந்ததும் கத்தியை வாயின்மேல் திருப்பாமல் முதுகின்மேல் உருட்டி மறுபக்கத்தைக் கிடத்தி, தன் பக்கம் இழுக்க வேண்டும். கல்லைவிட அலகு நீளமாக இருந்தால், அடிப்பகுதியில் தொடங்கி நுனியில் முடியுமாறு சற்றுக் குறுக்காக ஓட்ட வேண்டும். கத்தியின் எடையோடு விரலின் எடை சிறிதளவு சேர்ந்தால் போதும். அழுத்தம் கூடினால் மூன்று கேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: துகள் ஆழமாகப் பாய்ந்து கீறல் பெரிதாகும், குழித்துச் சீவிய மெல்லிய அலகு வளைந்து சரிவின் கோணம் மாறும், வாயில் பிசிறு எழும். பிசிறு என்பது வெட்டுப்படாமல் மறுபக்கம் மடிந்து தொங்கும் மெல்லிய எஃகு இழை. தொட்டால் கூராகத் தோன்றும், முதல் மழிப்பிலேயே உடைந்துவிடும்.

சரிவு அமைந்துவிட்டதை அறிவது எப்படி? இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கை சலித்ததும் அடுத்த கல்லுக்குப் போய்விடுகிறார்கள். கத்தியை ஒரு விளக்கின் கீழ் வாய் மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து, நேர் மேலிருந்து விளிம்பைப் பார்க்க வேண்டும். உண்மையில் கூரான விளிம்புக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் அகலம் இல்லை; ஆகவே அது கண்ணுக்குத் தெரியாது. எங்கேனும் ஒரு வெள்ளிப் புள்ளியோ மெல்லிய மின்னும் கீற்றோ தெரிந்தால், அந்த இடத்தில் இரு சரிவுகளும் இன்னும் சந்திக்கவில்லை, அங்கே ஒரு தட்டையான பகுதி எஞ்சியிருக்கிறது என்று பொருள். மார்க்கர் பேனாவின் மையைச் சரிவில் பூசி இரண்டு முறை தீட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. மை போன இடத்தைக் கல் தொடுகிறது, மை நின்ற இடத்தைத் தொடவில்லை. மை வாயோரத்தில் நின்றுவிட்டால் கல் இன்னும் விளிம்பை எட்டவில்லை என்பது தெளிவு. சில்லுகளோ துருக்குழிகளோ உள்ள பழைய கத்தியில் இந்தக் கட்டம் நூற்றுக்கணக்கான இழுப்புகளைக் கேட்கலாம். அவற்றைக் கொடுக்காமல் முன்னேற வழியில்லை. 12000 கல்லால் ஒரு மைக்ரான் துகளைக் கொண்டு 15 மைக்ரான் குறையைச் சரிசெய்ய முயல்வது, ஏரிக்கரை உடைப்பைக் கைப்பிடி மண்ணால் அடைப்பது போன்றதாகும்.

சரிவு அமைந்த பின் மற்றவை விரைவாக நடக்கும். 4000, 8000 கற்களின் வேலை முந்தைய கல்லின் கீறல்களை அழித்துத் தன் சிறிய கீறல்களை இடுவது மட்டுமே. நகை வியாபாரிகள் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பழைய சால்கள் மறைந்தது தெரியும். ஒவ்வொரு கல்லிலும் கடைசிச் சில இழுப்புகளைக் கத்தியின் எடையை மட்டும் கொண்டு செய்வதால், அக்கல் தரக்கூடிய மிகச் சிறிய கீறல் விளிம்பில் நிற்கும். இறுதிக் கல்லில் நீர் கத்தியின் முன்னே சிறு அலையாக எழுந்து, வாயைத் தாண்டி அலகின்மேல் ஏறி வருமானால், விளிம்பு கல்லோடு முழுநீளமும் பொருந்துகிறது என்று அறியலாம். அதன்பின் மேலும் மேலும் தீட்டிக்கொண்டிருப்பது நன்மை தராது. விளிம்பு தன்னைத் தாங்க முடியாத அளவுக்கு மெலிந்து நொறுங்கத் தொடங்கும்.

கல்லில் முடிந்த கத்தியைத் தோல்வாரில் தீட்டிய பிறகே முகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாரிஸ் நகரக் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெரே, தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ள விரும்புவோருக்காக 1769-இல் வெளியிட்ட நூலில் கல்லையும் தோலையும் பற்றி விரிவாக எழுதியிருப்பது, வீட்டுச் சவரத்துக்கு இவை எவ்வளவு இன்றியமையாதவை என்பதைக் காட்டுகிறது. கல்லில் வாய் முன்னே செல்லும். தோலிலோ முதுகு முன்னே செல்ல வேண்டும், இல்லையேல் வாய் தோலை வெட்டிவிடும். வாரைத் தொய்யாமல் இழுத்துப் பிடிப்பது அவசியம். தொய்ந்த தோல் விளிம்பைச் சுற்றி மேலெழுந்து அதை உருட்டிவிடும். முதலில் வாரின் துணிப்பக்கத்தில் இருபது முறையும், பிறகு தோல்பக்கத்தில் நாற்பது ஐம்பது முறையும் போய்வருவது வழக்கம். தோல், கல்லைப் போல எஃகை அதிகம் எடுப்பதில்லை. விளிம்பில் ஒட்டிய துகள்களையும் மெல்லிய துருப்படலத்தையும் துடைத்து, எஞ்சிய நுண்பிசிறுகளை நீக்கி, விளிம்பின் மேற்பரப்பை மெருகேற்றுகிறது. ஒவ்வொரு மழிப்புக்கும் முன்பு இதைச் செய்துவந்தால் கத்தி பல மாதங்கள் கல்லைத் தேடாது. தோலால் மட்டும் கூர் மீளாத நிலை வந்ததும், அரை மைக்ரான் அளவுள்ள பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடைத் தனியான வார் ஒன்றில் பூசிப் பத்து முறை தீட்டினால் கல்லுக்குப் போகும் நாளை இன்னும் சிறிது தள்ளிப்போடலாம். அந்தப் பசையை அன்றாட வாரில் பூசக் கூடாது.

பயன்படுத்தியதும் கத்தியைத் துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி தடவி வைப்பது நல்லது. நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டு நாளடைவில் பிசுபிசுத்துவிடும். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில், குளியலறையில் வைத்த கத்தி எவ்வளவு நன்றாகத் தீட்டப்பட்டிருந்தாலும் நிலைக்காது. மற்றொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும்: கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவின் வழியாகவே ஹெபடைட்டிஸ் பி போன்ற வைரசுகள் பரவக்கூடும் என்பதால், ஒருவரின் சவரக்கத்தியை மற்றொருவர் பயன்படுத்தக் கூடாது. முடிதிருத்தகங்களில் பழைய மடக்குக்கத்தியின் இடத்தை, ஆளுக்கு ஆள் மாற்றப்படும் பாதி பிளேடு பிடித்துக்கொண்டது இந்தக் காரணத்தால்தான். அது சரியான மாற்றமே.

பழைய பெட்டியிலோ பரணிலோ சோலிங்கன் அல்லது ஷெஃபீல்டு முத்திரையோடு ஒரு கத்தி கிடைத்தால், அதைத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்திடம் கொடுத்துவிட வேண்டாம். அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அந்தச் சக்கரம் நன்றாகவே பயன்படும். சவரக்கத்தியின் முதுகை அது கோணமானியாகக் கொள்வதில்லை. மேலும், நீரின்றிச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாய் கணப்பொழுதில் 200 டிகிரியைத் தாண்டிப் பதம் இழந்துவிடும். வாயோரத்தில் நீலநிறம் படர்ந்தால் வெப்பம் 300 டிகிரி அளவை எட்டிவிட்டது என்று பொருள். அந்த எஃகு மென்மையாகிவிட்டது, அப்பகுதி முழுவதையும் தேய்த்து அகற்றும்வரை எந்தக் கல்லாலும் அதில் நிலையான கூரை ஏற்ற இயலாது.